மூன்று ஆண்டுகள் புழங்கிய உமிப் பலகை: ஒரு தச்சரின் மதிப்பீடு

அக்கா வீட்டுக் குளியலறைக் கதவை நான் மூன்று முறை மாற்றியிருக்கிறேன். முதலில் போட்டது பிளைவுட். கீழ்விளிம்பு தண்ணீர் குடித்து, அடுக்கடுக்காகப் பிரிந்து, கடைசியில் விரலால் பிட்டாலே கையோடு வந்தது. அடுத்தது ஃபிளஷ் கதவு. தண்ணீருக்குத் தாங்கும் பசை என்று கேட்டு வாங்கியதுதான், அதற்கும் அதே கதி, கொஞ்சம் தாமதமாக. மூன்றாவது முறை, “தம்பி, இந்தத் தடவை மரமே வேண்டாம்டா” என்று அக்கா தீர்மானமாகச் சொன்னாள். அப்படித்தான் நெல் உமியும் பிவிசியும் கலந்து செய்த பலகை முதன்முதலாக என் கைக்கு வந்தது.

22 ஆண்டுகளாக மர வேலை செய்கிறேன். புதுப் பலகை எது வந்தாலும் முதலில் சந்தேகப்படுவதுதான் என் வழக்கம். கதவு மூன்று ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. அதே தயாரிப்பாளரின் பலகையில் சமையலறைக் கீழ் அலமாரிகள், ஒரு புத்தக அலமாரி, மொட்டை மாடித் தளம் என்று வேறு வேலைகளும் செய்து பார்த்துவிட்டேன். சிலது அருமையாக வந்தது, சிலதைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டியிருந்தது.

முதலில் உமியைப் பற்றிக் கொஞ்சம். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. உலகம் முழுக்க ஆண்டுக்கு 75 கோடி டன்னுக்கு மேல் நெல் விளைகிறது என்றால், உமி மட்டும் 15 கோடி டன் பக்கம் வரும். மாட்டுக்குத் தீவனமாகக் கொடுத்தால் சத்தில்லை, மண்ணில் போட்டால் சீக்கிரம் மக்காது, எடை குறைவு என்பதால் லாரியில் ஏற்றினாலும் இடத்தைத்தான் அடைக்கும். மில்லிலேயே கொதிகலனில் எரிப்பது போக மீதி குவிந்து கிடக்கும். அது மக்காமல் கிடப்பதற்கு ஒரு காரணம் சிலிக்கா. மணலில் இருக்கும் அதே பொருள்தான். உமியை எரித்தால் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. கரையானுக்கும் மக்கலுக்கும் எளிதில் மசியாத இந்தக் குணத்தைத்தான் பலகையில் நாம் பயன்படுத்திக்கொள்கிறோம்.

கழிவை அரைத்துப் பிசினில் கலப்பது புதிய யோசனை இல்லை. 1907இல் லியோ பேக்லண்ட் கண்டுபிடித்த பேக்லைட்டில் மரத்தூள் கலந்துதான் அச்சில் வார்த்தார்கள். பழைய வீடுகளில் இருக்கும் கறுப்பு சுவிட்சுகள் அந்த வகைதான். இப்போது பிசினுக்குப் பதில் உருக்கி வார்க்கும் பிளாஸ்டிக், மரத்தூளுக்குப் பதில் உமி.

கதவுக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகள் தினமும் தண்ணீர் பட்டும் கீழ்விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் வீக்கம்கூட இல்லை. மழை நாளிலும் சட்டத்தில் இறுகவில்லை. பெயின்ட் உரியவில்லை. வெட்டும்போது பிளைவுட்டில் வரும் அந்தக் காரமான, கண்ணெரிச்சல் தரும் வாடையும் இல்லை. பிளைவுட்டையும் துகள் பலகையையும் ஒட்டும் யூரியா பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசிந்துகொண்டே இருக்கும். 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. வாழ்நாளெல்லாம் அந்தத் தூசியில் நிற்பவனுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. உமிப் பலகையில் அந்தப் பசைக்கு வேலையே கிடையாது, பிளாஸ்டிக்கே பிடித்துக்கொள்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை விரும்புகிறேன்.

தூசி இல்லை என்று அர்த்தமில்லை. இந்தத் தூசியிலும் சிலிக்காவும் பிவிசியும் இருக்கிறது. முகமூடி இல்லாமல் வெட்டாதீர்கள். சாதாரண ஸ்டீல் பல் வைத்த ரம்பம் நான்கைந்து பலகையிலேயே மழுங்கிவிட்டது. மரத்தில் மாதக்கணக்கில் ஓடும் பிளேடு அது. கார்பைடு முனை பிளேடு மாற்றிய பிறகுதான் வெட்டு சுத்தமாக வந்தது. இழைப்புளியைத் தொடவே வேண்டாம், கூர் போய்விடும். தேய்க்க வேண்டுமென்றால் உப்புத்தாள்தான்.

அப்புறம் புத்தக அலமாரி. இங்கேதான் எனக்கு முதல் அடி விழுந்தது. பிளைவுட்டில் போடுவதுபோலவே மூன்றடி இடைவெளிக்கு 18 மில்லிமீட்டர் தட்டு போட்டேன். அன்றைக்கு நிமிர்ந்துதான் நின்றது. எட்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு விரல் கனத்துக்குத் தொங்கியிருந்தது. புத்தகத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உள்ளே காற்றுக் குமிழ்கள் இருக்கும்படி நுரைத்துச் செய்த இந்தப் பிவிசிப் பலகைக்கு நல்ல பிளைவுட்டின் விறைப்பில் கால்வாசி அளவுக்குத்தான் வரும். அதோடு, பிளாஸ்டிக் நிரந்தரமாகச் சுமை தாங்கினால் மெதுமெதுவாக இழுபட்டுக்கொண்டே போகும். பார்க்க மரம் மாதிரி இருப்பதால் கையும் மரக் கணக்கிலேயே வேலை செய்கிறது, தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. இப்போது ஒன்றரை அடிக்கு ஒரு தாங்கு கட்டை வைக்கிறேன், முன்விளிம்பில் ஒரு பட்டி சேர்க்கிறேன். தொங்கவில்லை.

கீல் பிடிப்பைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பதில் பலகையின் அடர்த்தியில் இருக்கிறது. சமையலறைக்கு இரண்டு தவணையாகப் பலகை வந்தது. முதல் தவணையில் ஸ்க்ரூ இறுகப் பிடித்தது. இரண்டாவதில் கடைசிச் சுற்றில் சும்மா சுழன்றது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான், நிறம்கூட மாறவில்லை. சந்தேகப்பட்டு இரண்டிலும் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டு வெட்டித் தராசில் வைத்தேன். 18 மில்லிமீட்டர் கனத்தில் அந்தத் துண்டு 180 கன சென்டிமீட்டர். முதலாவது 112 கிராம், இரண்டாவது 91 கிராம். அதாவது அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.62 கிராம், 0.51 கிராம். உள்ளே காற்று அதிகம், பிடிக்கச் சதை குறைவு. எடையைக் காட்டிப் பேசியதும் பத்தில் ஆறு பலகையை மாற்றிக் கொடுத்தார்கள். மீதி நான்கை ஏற்கெனவே வெட்டிவிட்டீர்கள் என்று மறுத்துவிட்டார்கள். வெட்டாமல் எப்படி எடை போடுவது? அந்த வாதம் எனக்கு இன்னும் வருத்தம்தான். இப்போதெல்லாம் பலகை இறங்கியதும் மூலையில் ஒரு துண்டு வெட்டி எடை பார்த்த பிறகே மற்றதைத் தொடுகிறேன். கீல் வரும் இடத்தில் 0.6க்குக் குறைந்தால் நான் ஏற்பதில்லை. ஸ்க்ரூவுக்கு முன்துளை போடுங்கள், அகன்ற மரை உள்ள ஸ்க்ரூ வாங்குங்கள், ஒரே துளையில் கழற்றிக் கழற்றி மாட்டாதீர்கள்.

சாம்பல் கல்லிலும் இதே கதைதான் என்பதை அதே வீட்டில் பார்த்தேன். மாடி அறைச் சுவர் ஃபிளை ஆஷ் கல். அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம், கல்தூள் எல்லாம் சேர்த்து அழுத்திச் செய்வது. செங்கல்போல ஆயிரம் டிகிரி சூளை வேண்டாம். சாம்பலில் உள்ள சிலிக்கா, சுண்ணாம்போடும் தண்ணீரோடும் சேர்ந்து மெதுவாகக் கெட்டிப்படும். மெதுவாக என்பதுதான் முக்கியம். வாரக்கணக்கில் தண்ணீர் விட்டு ஈரமாக வைக்க வேண்டும். அலமாரி மாட்ட அந்தச் சுவரில் துளை போட்டபோது சில கல் டிரில்லை எதிர்த்து நின்றது, சில கல் மாவாகக் கொட்டியது. ஒரே லோடு, ஒரே சுவர். சரியாக நனையாமல் அவசரமாக வந்த கற்கள் என்று கொத்தனார் சொன்னார். பூச்சிலும் அங்கங்கே மயிரிழை விரிசல். நன்றாக நனைந்த கல்லில் குறை சொல்ல எதுவும் இல்லை. அளவு ஒரே சீராக இருப்பதால் பூச்சும் மெல்லிசாகவே போதும்.

மொட்டை மாடித் தளம்தான் எனக்கு அதிக வேலை வைத்தது. இது பிவிசி இல்லை, பாலிஎத்திலீனில் உமி கலந்து பிதுக்கிய பலகை. உமிக்குத் தண்ணீர் பிடிக்கும், பாலிஎத்திலீனுக்குத் தண்ணீர் ஆகாது, இரண்டும் தானாக ஒட்டாது. மலேயிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருள் ஏற்றிய பிளாஸ்டிக் சிறிதளவு சேர்த்தால் அது நடுவில் நின்று இரண்டையும் கோக்கும். 200 டிகிரியைத் தாண்டினால் உமி கருகத் தொடங்கும் என்பதால், அதற்குள் உருகும் பிளாஸ்டிக்தான் இதற்கு ஆகும்.

மூன்று மீட்டர் பலகைகளைக் குளிர்ந்த காலை நேரத்தில் முனையோடு முனை இடித்து இறுக்கினேன். தயாரிப்பாளர் கொடுத்த தாளில் “இடைவெளி விடவும்” என்று மட்டும் இருந்தது, எவ்வளவு என்று இல்லை. மரத்துக்கு விடும் அளவுகூட வேண்டாம் என்று நினைத்தேன். வெயில் ஏறியதும் பலகைகள் ஒன்றையொன்று தள்ளி நடுவில் எழும்பி நின்றன. இந்த வகைப் பலகை ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 0.04 மில்லிமீட்டர் அளவில் நீளும். மரம் நீளவாக்கில் நீளுவதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. காலைக்கும் மதியத்துக்கும் 40 டிகிரி வித்தியாசம் வந்தால் மூன்று மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர். அத்தனையையும் கழற்றி, முனைகளை அறுத்து, ஆறு மில்லிமீட்டர் விட்டுத் திரும்பப் போட்டேன். அதன் பிறகு அசையவில்லை.

அறுத்த முனைகளில் உமி வெளியே தெரிகிறது. பலகையில் உமி பாதிக்கு மேல் போனால் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, தண்ணீர் உள்ளே போக வழி கிடைத்துவிடும். முதல் மழைக்காலத்தில் நான் அடைக்காமல் விட்ட இரண்டு முனைகளில் கறுப்புப் பூஞ்சைப் புள்ளி வந்தது. மற்றவற்றுக்கு எபாக்சி தடவியிருந்தேன், அவை சுத்தமாக இருக்கின்றன. நிறம் முதல் வெயில் காலத்திலேயே வெளுத்து, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. அடர் நிறம் வாங்காதீர்கள், மதியம் கால் வைக்க முடியாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் மோசம்.

அடுப்புக்கு ஒட்டிய அலமாரிக்கு பிவிசிப் பலகை நான் போடுவதில்லை. 80 டிகிரி பக்கம் வந்தால் இளகத் தொடங்கும்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. மரத் துண்டு மிஞ்சினால் அடுப்புக்காவது ஆகும். பிவிசியின் எடையில் 57 விழுக்காடு குளோரின். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், மூச்சைக் கெடுக்கும். அதனால் ஒரு துண்டைக்கூட நான் எரிக்க விடவில்லை. மூன்று ஆண்டு வெட்டுத்துண்டுகள் பட்டறை மூலையில் ஏழு சாக்கில் நிற்கின்றன. இந்தப் பலகையை அரைத்துத் திரும்ப உருக்கிப் புதுப் பலகையில் கலக்க முடியும். பெயின்ட், ஸ்க்ரூ இல்லாத துண்டாகப் பிரித்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். அடுத்த லோடு இறக்க வரும் அதே லாரி காலியாகத்தான் திரும்பும். அதில் ஏற்றிவிடலாம் என்றும் எழுதியிருக்கிறேன்.