கிறிஸ்துமஸ் விளக்குகள்: எல்.இ.டி.யா, பழைய பல்பா?

எங்கள் வீட்டு முகப்பில் சென்ற ஆண்டு வரை எரிந்த 20 வண்ண ஜீரோ வாட் பல்புகளைக் கழற்றிவிட்டு, இந்த டிசம்பரில் அரை வாட் எல்.இ.டி. பல்புகளை மாட்டினோம். பெயர்தான் ஜீரோ; பழைய பல்பு ஒவ்வொன்றும் சுமார் 15 வாட் இழுக்கும் என்பதால், நாளுக்கு 5 மணி நேரம் வீதம் 25 நாள் எரித்தால் 37 யூனிட்டைத் தாண்டிவிடும். எல்.இ.டி.க்கு ஒன்றேகால் யூனிட் போதும்.

அம்மாவுக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. சாயம் பூசிய கண்ணாடிக்குள் இழை கனன்று, சுண்ணாம்புச் சுவரில் மெல்லப் படரும் அந்தச் செவ்வொளி புதியதில் இல்லை என்கிறார். அது உண்மைதான், நீலம் பாய்ந்த வெள்ளை எல்.இ.டி. இயேசு பிறப்புக் குடிலில் உள்ள சுரூபங்களின் முகத்தையே வெளிறச் செய்துவிடுகிறது. வெள்ளை விளக்கு வாங்குவோர் மஞ்சள் சாயல் கொண்ட ‘வார்ம் வொயிட்’ என்று கேட்டு வாங்குவது நல்லது.

ஆனால் வைக்கோலுக்கும் காகித நட்சத்திரத்துக்கும் அருகே, தொட்டால் கை சுடும் பல்பை வைப்பதை என்னால் ஏற்கவே முடியாது. குடிலுக்குள் எல்.இ.டி. மட்டுமே பாதுகாப்பானது.

மலிவான எல்.இ.டி. சரத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். நாங்கள் வாங்கிய ஒன்றில் ஒரே வாரத்தில் பாதி அணைந்துவிட்டது. பழைய சீரியல் செட்டில் நல்ல பல்பு ஒன்றை ஒவ்வொரு இடமாகச் செருகிப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கலாம். கம்பியோடு பற்றவைத்த இந்தச் சரத்தில் அதற்கு வழியில்லை.