பிளாஸ்டிக் மரமா, சவுக்குக் கிளையா, தொட்டிச் செடியா?

போன கிறிஸ்துமஸுக்கு வந்த சித்தி, ஹாலில் நின்ற மரத்தின் நுனியைக் கிள்ளிப் பார்த்தார். "நிஜச் செடியா? எத்தனை நாள் தாங்கும்?" என்றார். "இது நாலாவது கிறிஸ்துமஸ் சித்தி" என்றதும், தன் வீட்டுக்கும் எது வாங்கலாம் என்று பேச்சு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் மரம், சவுக்குக் கிளை, தொட்டிச் செடி மூன்றையுமே வைத்துப் பார்த்திருக்கிறோம். அதனால் அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

அழகைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. டிசம்பர் 24 ராத்திரி சீரியல் செட்டைப் போட்டுவிட்டால் மூன்றுமே அழகுதான். நான் பார்ப்பது ஜனவரி 7ஆம் தேதியை. ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரிக்கும்போது, அந்த மரம் எங்கே போகும்? எங்கள் வீட்டில் இந்தக் கேள்விதான் முடிவைச் சொன்னது.

பிளாஸ்டிக் மரம் 2014இல் வாங்கினோம். ஐந்தடி, 1,800 ரூபாய். முதல் இரண்டு வருடம் குறையே இல்லை. ஆனால் கடற்கரை ஊர், அதிலும் வடகிழக்குப் பருவமழை நேரம். பரணில் கிடந்த பெட்டியைத் திறந்தால் இரும்புக் கால் துருவேறியிருக்கும், கீழே பச்சைத் துகள் கொட்டிக் கிடக்கும். ஆறாவது வருடம் கிளைகள் மொட்டையாகிவிட்டன. பழைய இரும்புக் கடைக்காரர் காலை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தந்துவிட்டார். ஒரு கிளையை இழுத்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. இரண்டு கம்பிகளை முறுக்கி, நடுவில் பிவிசி இழைகளை நெரித்து வைத்திருக்கிறார்கள். கம்பியைத் தனியாகவும் பிளாஸ்டிக்கைத் தனியாகவும் பிரிக்கவே முடியாது. எரிக்கவும் கூடாது, பிவிசி எரிந்தால் வருவது நச்சுப் புகை. இரண்டு மீட்டர் உயர பிளாஸ்டிக் மரம் ஒன்றால் ஏறக்குறைய 40 கிலோ கரியமில வாயு காற்றில் சேர்கிறது என்று பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் அமைப்பு சொல்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடமாவது பயன்படுத்தினால்தான் அதை வாங்கியதில் நியாயம் இருக்கும். நம் ஊர் உப்புக்காற்றில் எங்கள் மரம் அதில் பாதி வருடம்தான் தாங்கியது. ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். உதிரும் வரை அதையே வையுங்கள். புதிதாக வாங்கத்தான் வேண்டாம் என்கிறேன்.

அடுத்த இரண்டு வருடம் சவுக்குக் கிளை. சின்ன வயதில் எங்கள் வீட்டில் இதுதான் கிறிஸ்துமஸ் மரம். அதன் ஊசியைக் கணுவில் பிட்டு, மறுபடியும் பொருத்தி, "எங்க ஒடிச்சேன் சொல்லு" என்று விளையாடாத பிள்ளைகள் எங்கள் தெருவில் கிடையாது. அவை உண்மையில் இலைகளும் அல்ல, கணுக்கணுவான மெல்லிய பச்சைக் குச்சிகள். நிஜ இலைகள் அந்தக் கணுவில் கண்ணுக்கே தெரியாத பல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். தோப்பில் நான்கைந்து வருடத்தில் சவுக்கை வெட்டிவிடுவார்கள். தடி சாரத்துக்கும் பந்தலுக்கும் காகித ஆலைக்கும் போகும், நுனிக் கிளை விறகுக்குத்தான். ஆக, கிறிஸ்துமஸுக்கென்று ஒரு மரத்தைக் கொல்ல வேண்டியதில்லை. வாளியில் ஈர மணல் போட்டு நட்டால் ஐந்தாறு நாள் பச்சையாக நிற்கும். அப்புறம் பழுப்பேறி உதிரும். ஜனவரி 7 அன்று கிளை வெந்நீர் அடுப்புக்கு, சருகு செடிகளின் வேரடிக்கு. கணக்கு அத்தோடு நேராகிவிடும்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் அரண் மாதிரி நட்ட சவுக்குகளில் கை வைக்காதீர்கள், தோப்புக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். காய்ந்த சவுக்கு குப்பென்று பற்றும். பக்கத்தில் மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம்.

2021இலிருந்து தொட்டிச் செடி. நர்சரியில் 'கிறிஸ்துமஸ் ட்ரீ' என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள், அரக்கேரியா என்பது பெயர். பசிபிக் கடலில் நார்ஃபோக் தீவிலும் நியூ கலிடோனியாவிலும் வளர்கிற இனங்கள். ஒன்றரை அடிக் கன்று 350 ரூபாய்க்கு வாங்கினோம். இன்று மூன்றேகால் அடி. ஒவ்வொரு டிசம்பரிலும் பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று உயரம் பார்க்கிறார்கள். பெட்டியிலிருந்து எடுக்கிற மரத்தில் இது நடக்காது.

வாங்கும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும். விதையிலிருந்து வந்த கன்றா, கிளையை வெட்டி வேர் பிடிக்க வைத்ததா? பக்கக் கிளையை நட்டால் அது கடைசிவரை பக்கவாட்டில்தான் வளரும், நிமிர்ந்து மரமாகாது. நடுத்தண்டு நேராக நின்று, அதைச் சுற்றி அடுக்கடுக்காகக் கிளைகள் வந்திருந்தால் நல்ல கன்று. நடுக்குருத்து ஒடிந்ததை வாங்க வேண்டாம், வடிவம் போய்விடும்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை, ஆனால் வருடம் முழுக்க உண்டு. செம்மண், மணல், மட்கிய எரு கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் வைத்தோம். மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர். முதல் கோடையில் மொட்டை மாடியில் விட்டது என் தவறு. அக்னி நட்சத்திரத்தில் அடிக்கிளை ஒரு அடுக்கு முழுக்கக் கருகியது. அரக்கேரியாவில் போன கிளை திரும்ப முளைக்காது. இன்றும் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது, வைக்கோலை வைத்து மறைக்கிறோம். அதற்குப் பிறகு காலை வெயில் மட்டும் படும் பால்கனியில் நிற்கிறது. டிசம்பர் 22 வாக்கில் உள்ளே எடுத்து, ஜனவரி 7இல் வெளியே வைத்துவிடுவோம். கிளை மெலிது. எல்இடி சரம், ஓலையில் செய்த சின்ன நட்சத்திரம், காகிதப் பறவை இவற்றைத் தாங்கும். பஞ்சும் பனி ஸ்பிரேயும் போடுவதில்லை.

என் அனுபவம் நான்கு வருடம்தான். தரையில் விட்டால் தென்னையைவிட உயரமாக வளர்கிற மரம், அதனால் தொட்டி போதாமல் போகும் நாள் வரும். அன்றைக்கு வீட்டையும் மின்கம்பியையும் விட்டுத் தள்ளி, பெரிய இடமாகத் தேட வேண்டும். பங்குக் கோயில் வளாகத்தில் கேட்கலாம் என்று எண்ணம்.

மற்ற அலங்காரத்தில் பெரிய குழப்பமில்லை. வாசல் நட்சத்திரத்துக்கு, மழைக்குத் தாங்காத காகிதத்தைவிடப் பனை ஓலைக்கு என் ஓட்டு. எங்கள் மாவட்டத்து மணப்பாட்டுப் பெண்கள் ஓலையில் செய்யும் பெட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அதன் உறுதி தெரியும். குருத்தோலை ஞாயிறன்று வாங்கிய ஓலைச் சிலுவை அடுத்த தவக்காலம் வரை சுவரில் இருக்கிறதே. நனைந்தால் காய வைத்து எடுத்து வைத்தால் போதும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். குடிலுக்குத் தெர்மோகோல் மலையும் பச்சைப் பிளாஸ்டிக் புல்லும் எதற்கு? பத்து நாள் முன்னால் தட்டில் கேழ்வரகு விதைத்தால் நிஜப் புல்லே வந்துவிடும்.

சித்தி கோடை முழுக்கப் பெங்களூரில் மகள் வீட்டில் இருப்பார். தண்ணீர் ஊற்ற ஆளில்லாத வீட்டில் அரக்கேரியா நிற்காது. அதனால் அவருக்குச் சவுக்குக் கிளையைத்தான் சொன்னேன். டிசம்பர் 23 சாயங்காலம் தோப்பிலிருந்து எனக்குத் தெரிந்தவர் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.