கூரையில் சோலாரா, சதுப்பில் தண்ணீரா?

காலநிலைக் கொள்கை என்று பேச்செடுத்தால் கொழும்பில் எல்லோரும் கூரைச் சோலாரைத்தான் காட்டுவார்கள். 2030க்குள் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்கது, 2050இல் காபன் நடுநிலை என்று அரசு உலகத்துக்குச் சொல்லிவைத்த இலக்குகளுக்கும் அதுதான் நேர்வழி. நுரைச்சோலையின் 900 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கப்பலில் வருகிறது. கொஞ்சம் குறைந்தாலும் டொலர் மிச்சம். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சிக்கல் நேரத்தில்தான். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மொட்டைமாடிக்கு நண்பகலில் ஏறிப் பாருங்கள். தகடுகள் கொதிக்கும், கீழே பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். இரவு ஏழு மணிக்கு லிஃப்ட், ஏசி, ரைஸ் குக்கர் எல்லாம் ஒன்றாக ஓடும்போது தகட்டுக்கு வேலை முடிந்திருக்கும். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு, நாடு முழுக்கக் கரண்ட் இல்லை. குரங்கைச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் விடுமுறைப் பகலில் பாவனை குறைவு, சோலார் அதிகம். அப்போது மின்கட்டமைப்பு சின்ன அதிர்ச்சிக்கே ஆடிப்போகும். அந்த ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது.

சரி, சதுப்புப் பக்கம் வருவோம். உலகப் பசுங்குடில் வாயுக்களில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. நுரைச்சோலையை நாளைக்கே மூடினாலும் களனி கங்கையின் வெள்ளத்துக்கு அது தெரியப்போவதில்லை. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம். 2016 மே மாதம் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வீடுகள் மூழ்கின. அங்கே மளிகைக் கடைக்காரர் ஒருவர் இன்றைக்கும் பிரிட்ஜை நாலு கல்லின் மேல் ஏற்றித்தான் வைத்திருக்கிறார். மழைத் தண்ணீரை வாங்கி வைத்து மெல்ல விடுவது சதுப்பு நிலம்தான். 2018இல் ஈரநிலங்களைக் காக்கும் உலக உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற பட்டம்கூடக் கொழும்புக்குக் கிடைத்தது. நிரப்பிக் கட்டும் ஆசை மட்டும் குறையவில்லை.

மூன்றாவது வழி, வரியும் தடையும். 2019இல் வாகனங்களுக்கு வந்த காபன் வரி ஓராண்டோடு போய்விட்டது. 2021இல் திடுதிப்பென்று இரசாயன உரத்தை நிறுத்தி, நவம்பரில் பின்வாங்கிய கதையை வயல்காரரிடம் கேளுங்கள்.

என் கணக்கு இது: அரசின் காசு முதலில் சதுப்புக்கும் கால்வாய்க்கும் போகட்டும். கூரைக்குத் தகடு போட மின்கட்டணமே ஆளைத் தள்ளும். அரசு செய்ய வேண்டியது, பகலில் பற்றரியில் சேமித்து மாலை ஆறரைக்குப் பிறகு அனுப்பும் யூனிற்றுக்குக் கூடுதல் விலை கொடுப்பது.