மொட்டை மாடிக்கு கீழ குடியிருக்கறவனுக்கு எது லாபம்: சுண்ணாம்பா, கூல் பெயிண்டா, பச்சை நெட்டா, கூலரா, ஏசியா?

சென்னை பழைய வண்ணாரப்பேட்டைல ரெண்டாவது மாடி, அதான் கடைசி மாடி, ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டு செவுத்தோட ஒட்டின செவுரு, தெரு பக்கம் ஒரு ஜன்னல், பின்னாடி சந்து பக்கம் ஒரு ஜன்னல், தலைக்கு மேல நேரா மொட்டை மாடி. இதுல வாடகைக்கு இருக்கோம், இது 6வது சம்மர். இந்த 6 வருஷத்துல கிட்டத்தட்ட எல்லாத்தையும் ட்ரை பண்ணிட்டேன், சிலதுல காசு போச்சு, சிலதுல இடுப்பு போச்சு.

மொதல்ல சூடு எங்கேருந்து வருதுன்னு பாத்துடுவோம், ஏன்னா அது தெரியாம எத வாங்கினாலும் தண்டம். எங்கள மாதிரி ஒட்டு வீட்ல பக்கத்து செவுத்துல வெயிலே படாது, எல்லாம் மேலருந்துதான். 5 இஞ்ச் ஆர்சிசி தளம், அதான் கம்பி கட்டி போட்ட கான்கிரீட், பகல் பூரா வெயில குடிச்சு வச்சுக்கிட்டு, சூரியன் எறங்கினப்புறம் பொறுமையா நம்ம மேல எறக்கும். அதனால எங்களுக்கு மதியம் 2 மணி கூட பெரிய பிரச்சனை இல்ல, ராத்திரி 9 மணிதான் பிரச்சனை, வெளிய கடக்காத்து ஜிலுஜிலுன்னு அடிக்கும், உள்ள ஃபேன் போட்டா மேல இருக்கற அனல அப்படியே அள்ளி மூஞ்சில கொட்டும். கொரோனா டைம்ல நெத்தில காட்டி பாப்பாங்களே அந்த துப்பாக்கி ஒண்ணு வீட்ல கெடந்துச்சு, ஒரு நாள் அத சீலிங்க பாத்து அழுத்தினா நம்பரே வரல, 'ஹை'னு மட்டும் காட்டி கீச் கீச்னு கத்துது. அது 42, 43 டிகிரி வரைக்கும்தான் காட்டும், மனுஷனுக்கு அதுக்கு மேல போனா நம்பர் தேவைப்படாதுல்ல.

அதனால என் கணக்குல ரெண்டே கட்சிதான். சூட்ட மேலயே தடுக்கறது ஒண்ணு, உள்ள விட்டுட்டு அப்புறம் மிஷின் வச்சு தொரத்தறது இன்னொண்ணு.

தடுக்கற கட்சில முதல் ஆள் சுண்ணாம்பு. செலவு கம்மி, வேலை ஜாஸ்தி. எங்க ஹவுஸ் ஓனர் ஒரு வயசான அம்மா, ஆயான்னுதான் கூப்புடுவோம், பர்மிஷன் கேக்கப் போனப்ப, "இன்னாப்பா, மாடி மேல இன்னா வேணா பண்ணிக்க, ஒழுவுச்சுன்னா மட்டும் நீதான் பாத்துக்கணும்"னு சொல்லிட்டாங்க, வாடகைல கழிச்சுக்கறதப் பத்தி பேச்சே எடுக்கல. சரி, காசு நம்மளோடதுன்னு ஆயிடுச்சு, மொதல் வருஷம் பெட்ரூமுக்கு மேல மட்டும் அடிச்சேன், ஹாலுக்கு மேல அப்படியே விட்டுட்டேன். காசு பத்தலன்னுதான் விட்டேன், ஆனா அதுவே நல்ல டெஸ்ட்டா போச்சு. ஏப்ரல் மத்தியானம் வெறுங்கால்ல வெள்ளை பக்கம் நிக்கலாம், ஒரு அடி தள்ளி சிமெண்ட் தரைல கால வச்சா துள்ளி குதிப்பீங்க. கீழ ராத்திரி 9 மணிக்கு ஹால்ல 36, பெட்ரூம்ல 34, ரூம் தெர்மாமீட்டர்ல பாத்தது. 2 டிகிரி தானேன்னு தோணும், படுத்து பாத்தா தெரியும், சீலிங் நம்மள மொறைக்கறது நின்ன மாதிரி இருக்கும். எங்க அம்மாவுக்கு மட்டும் வருத்தம், வெள்ளை பக்கம் வடாம் காய லேட் ஆவுதாம், அதனால அவங்க ஹால் பக்கம் மாடிய விட்டுக் கொடுக்கல.

அடிக்கறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். கிளிஞ்சல் சுண்ணாம்பு கல்லா வாங்கினா தண்ணில போட்ட உடனே தளதளன்னு கொதிக்கும், நான் அறிவில்லாம பிளாஸ்டிக் பக்கெட்ல போட்டு பக்கெட் ஒரு பக்கம் மெழுகு மாதிரி சாஞ்சிடுச்சு, கண்ணுல தெறிச்சிருந்தா என்ன ஆயிருக்கும். தகர டின் எடுங்க, மொதல்ல தண்ணி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சுண்ணாம்பு, கொழந்தைங்கள கிட்டவே விடாதீங்க. ராத்திரி பூரா ஊற விட்டு காலைல பழைய வேட்டில வடிகட்டி, கொஞ்சம் வைட் சிமெண்ட்டும் ஃபெவிகாலும் கலந்துக்கோங்க. ஒட்டறதுக்கு உப்பு போட சொல்வாங்க, ஆர்சிசி தளத்துல போடாதீங்க, ஏற்கனவே கடல் பக்கத்துல நம்ம வீட்டு கம்பியெல்லாம் துருப்பிடிச்சு சிமெண்ட் பேந்து விழுது, நாம வேற எதுக்கு உப்ப ஏத்தணும். தரைய நனைச்சுட்டு சாயங்காலமா ரெண்டு கோட், முடிஞ்சா மூணு. வெயில்ல அடிச்சா பொடியா உதுந்துடும். ஐப்பசி கார்த்திகை மழைல பாதிக்கு மேல கழுவிட்டு போயிடும், அதனால வருஷா வருஷம் அடிக்கணும், இதான் இதோட பெரிய மைனஸ்.

கூல் பெயிண்ட், அதான் வெயில திருப்பி அனுப்பற வெள்ளை பெயிண்ட், இதுக்கு பணக்கார அண்ணன். ஒழுங்கா அடிச்சா 3 வருஷம், 5 வருஷம் நிக்கும், சின்ன சின்ன விரிசலையும் மூடும், மழைக்கும் நல்லது. பிரச்சனை என்னன்னா 'ஒழுங்கா'ங்கற அந்த வார்த்தைல இருக்கு. மூணாவது வருஷம் ஒரு பெயிண்டர வச்சு அடிச்சேன், அவர் பாசிய தேய்ச்சு எடுக்காமலே, மேல தண்ணி தாராளமா கலந்து ஒரே கோட்ல முடிச்சுட்டு போயிட்டார், நான் ஆபீஸ்ல இருந்தேன், பாக்கல. டிசம்பர் மழைக்கு அப்புறம் மாடிக்கு போனா அப்பளம் மாதிரி பேந்து கெடக்கு, கைல எடுத்தா முழு தட்டு சைஸ்ல வருது. அதனால பெயிண்ட் வாங்கறவங்க டப்பால எஸ்ஆர்ஐ நம்பர் என்னன்னு கேளுங்க, வெயில்ல எவ்ளோ சூடேறாம இருக்கும்னு காட்ட, கருப்புக்கு 0, ஸ்டாண்டர்ட் வெள்ளைக்கு 100ன்னு வச்ச அளவு அது, நல்ல கூல் கோட்டிங்னா 100க்கு மேல இருக்கும். வெறும் வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன 'இதுவும் கூல் தான் சார்'னு குடுத்தா வேணாம், அது செவுத்துக்கு செஞ்சது, தண்ணி தேங்கற தரைக்கு இல்ல.

நம்ம ஏரியாவுக்குன்னு இன்னொரு தலைவலி இருக்கு, அழுக்கு. ஹார்பர்ல நிலக்கரி எறக்கறது எண்ணூர் பக்கம் போயி பல வருஷம் ஆயிடுச்சு, ஆனாலும் கண்டெய்னர் லாரி புழுதி, எண்ணூர் பக்கம் சாம்பல்னு ரெண்டே மாசத்துல வெள்ளை எல்லாம் பழுப்பாயிடும், பழுப்பாயிட்டா வெயில திருப்பி அனுப்பற வேலையும் கொறைஞ்சுடும். பெயிண்ட்னா தொடப்பத்தால தேய்ச்சு கழுவலாம், சுண்ணாம்ப தேய்க்க முடியாது, அந்த ஒரு விஷயத்துல பெயிண்ட் ஜெயிக்குது. சொந்த வீடுன்னா கண்ண மூடிட்டு பெயிண்ட்டுக்கு போங்க, இல்ல இன்னும் கொஞ்சம் போட்டு வெள்ளை கூல் டைல்ஸ் ஒட்டுங்க. வாடகை வீட்ல அடுத்தவங்க மாடிக்கு அவ்ளோ செலவு பண்ணிட்டு அடுத்த வருஷம் காலி பண்ண சொன்னா பெயிண்ட்ட சுருட்டி எடுத்துட்டா போக முடியும்? சுண்ணாம்புன்னா போனா போவுதுன்னு விட்டுடலாம். டைல்ஸ்ல ஒண்ணு மட்டும், ராயபுரம், மண்ணடி பக்கம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு இருக்கே, தேக்கு கட்டை மேல செங்கல்ல நெட்டுக்குத்தா அடுக்கி சுண்ணாம்பு போட்ட தளம், அது மேல இன்னும் வெயிட் ஏத்தாதீங்க. அந்த வீடெல்லாம் ஏற்கனவே ஜில்லுனுதான் இருக்கும், உசரமான சீலிங், கனமான செவுரு, உள்ள போனாலே பெருமூச்சு வரும்.

பச்சை நெட், வாடகைக்காரனுக்கு பிடிச்ச ஐட்டம், ஏன்னா கழட்டி எடுத்துட்டு போலாம். தலைக்கு மேல 7 அடி உசரத்துல கட்டி நாலு பக்கமும் காத்து போற மாதிரி விட்டா தளத்துல நேரா வெயில் படாது, நல்லாவே கேக்கும். தரையோட ஒட்டி விரிச்சா பிரயோஜனம் ரொம்ப கம்மி. ஆனா கடக்காத்து வேகத்துக்கு ஒரே சீசன்ல ஓரம் எல்லாம் கிழிஞ்சு நாக்கு தள்ளிடும், மழைக்காலத்துக்கு முன்னாடி கழட்டியே ஆவணும், 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்ப ஷீட்டெல்லாம் எப்படி பறந்துச்சுன்னு இங்க இருக்கறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. தென்னங்கீத்து போட்டா நெட்ட விட ஜில்லுனு இருக்கும், ஆனா ஒரு பொறி போதும், இவ்ளோ நெருக்கமான தெருவுல நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். சாயங்காலம் மாடில தண்ணி ஊத்தறதும் வேலை செய்யும், லாரி தண்ணிக்கு கொடம் வச்சு நிக்கற ஊர்ல அத எப்படி சிபாரிசு பண்றது. தெர்மகோல் சீலிங் வேணவே வேணாம், தீ பிடிச்சா சொட்டு சொட்டா எரிஞ்சு விழும்.

இப்ப மிஷின் கட்சி. கூலர் வாங்கி ஏமாந்தவங்க எங்க தெருவுலயே நாலு பேர், நானும் ஒருத்தன். கூலர் மேல தப்பு இல்ல, நம்ம ஊர் மேலதான். தண்ணி ஆவியாகறப்பதான் காத்து குளுரும், காத்துல ஏற்கனவே ஈரம் இருந்தா தண்ணி எங்க போவும்? அக்னி நட்சத்திரத்துல மேக்காத்து காஞ்சு அடிக்கற நாள்ல, கடக்காத்து உள்ள வராத மத்தியானத்துல கூலர் ராஜா, 2003 மே 31 அன்னிக்கு நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி போச்சே, அந்த மாதிரி நாளுக்கு செஞ்சது அது. நமக்கோ கடல் கூப்பிடு தூரம், கடக்காத்து வந்த உடனே வெளிய சுகம், கூலர் இருக்கற ரூம் மட்டும் இட்லி குண்டான். ஒரு தடவ கூலர் டேங்க்ல மார்க்கர்ல கோடு போட்டு வச்சேன், மேக்காத்து அடிச்ச மத்தியானம் ரெண்டு மணி நேரத்துல கோட்ட விட்டு நல்லா எறங்கின தண்ணி, கடக்காத்து வந்த ராத்திரி பூரா ஓடியும் வெரல் அளவு கூட எறங்கல. தண்ணி கொறையலன்னா குளுரலன்னு அர்த்தம், கரண்ட்டுக்கு காத்து வாங்கினேன், அவ்ளோதான். அந்த நேரத்துக்கு ஜன்னல தொறந்து ஒரு டேபிள் ஃபேன வெளிய பாத்து வச்சு உள்ள இருக்கற அனல தள்ளினா அதுவே பெட்டர்.

ஏசி வேலை செய்யும், அதுல சந்தேகமே இல்ல, ஈரத்தையும் சேத்து இழுக்கும், அதான் நம்ம ஊருக்கு அது சரியா வருது. செலவுதான். 1 டன் இன்வெர்ட்டர் ஏசி மணிக்கு முக்கா யூனிட்னு வச்சாலே தினம் 8 மணி நேரத்துக்கு ரெண்டு மாசத்துல 360 யூனிட், அதோட ஃப்ரிட்ஜ், மோட்டார், டிவி சேந்து 500 தாண்டினா ஸ்லாப் மாறி பில்ல பாக்கவே பயமா இருக்கும். சாயங்காலம் லோ வோல்டேஜ் வேற, ஸ்டெபிலைசர் இல்லாம வாங்காதீங்க. இதுல ஒரு விஷயம் நானே அனுபவிச்சது, சுண்ணாம்பு அடிக்காத வருஷம் எங்க ஏசி கம்ப்ரஸர் விடியக்காலை 3 மணி வரைக்கும் நிக்காம ஓடிச்சு, அடிச்ச வருஷம் 11 மணிக்கே கட் ஆக ஆரம்பிச்சுடுச்சு, 26ல வச்சு ஃபேனும் போட்டா போர்வை தேடறோம். கரண்ட் போன ராத்திரி ஏசி வெறும் பொட்டி, மேல இருக்கற வெள்ளை மட்டும் அப்பவும் வேலை செய்யுது.

காசு இல்லன்னா சுண்ணாம்பும், தெனமும் காலைல 10 மணிக்கு ஜன்னல மூடி திரை போட்டுட்டு கடக்காத்து வந்ததும் தொறக்கறதும். கொஞ்சம் காசு இருந்தா அதோட கரண்ட் கம்மியா இழுக்கற பிஎல்டிசி ஃபேன், பழைய ஃபேன் 75 வாட்னா இது 30 வாட் பக்கம்தான், ஆனா குளிர்ச்சி கூடும்னு நெனைச்சு வாங்காதீங்க, பில்தான் கொறையும். இன்னும் இருந்தா பெட்ரூமுக்கு மட்டும் ஏசி, அதுவும் மாடிய வெள்ளை ஆக்கினப்புறம்தான். கூலர் வேணும்னா என்கிட்ட ஒண்ணு இருக்கு, பாதி விலைக்கு தரேன், அம்மா அதுல இப்ப வெங்காயம் கொட்டி வச்சிருக்காங்க.

இந்த வருஷம் ஹால் பக்கமும் அடிச்சுடலாம்னு சுண்ணாம்பு ஊற வச்சாச்சு, தகர டின்லதான். அம்மா தண்ணி டேங்க் பக்கத்துல பாய் அளவுக்கு ஒரு எடத்த சாக்பீஸ்ல கட்டம் போட்டு வச்சிருக்காங்க, அத தொடக் கூடாதாம், வடாத்துக்கு.