பிக்கப்பின் பின்பக்கம் தொய்கிறதா: கனத்த கமான் பட்டையா, காற்றுப் பையா?

லோடு பாடிக்கு மேல் கேனபி எனும் மூடு கூண்டு, அதன் தலையில் கூடாரம், உள்ளே ஃப்ரிட்ஜ், இரண்டாவது பேட்டரி, 60 லிட்டர் தண்ணீர். இவ்வளவும் ஏறி, பின் சீட்டில் பிள்ளைகளும் உட்கார்ந்துவிட்டால் டபுள் கேபின் பிக்கப்பின் பின்பக்கம் இறங்கிவிடும். ஹெட்லைட் மரக்கிளையைப் பார்க்கும், ஸ்டியரிங் லேசாகிவிடும். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து இரண்டு: கமான் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) கனமானதாக மாற்றுவது, அல்லது சேஸிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) அச்சுக்கும் நடுவே காற்றுப் பை பொருத்துவது.

இரண்டுமே உயரத்தைத்தான் மீட்கும். பை போட்டுவிட்டதாலேயே வண்டியின் மொத்த எடை வரம்பு கூடிவிடாது. அச்சும் வீல் பேரிங்கும் பிரேக்கும் பழையவைதான். ஆகவே முதல் வேலை எடை மேடை. டேங்க் நிறைய, எல்லோரும் உட்கார்ந்த நிலையில், முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக நிறுக்க வேண்டும். வீல்பேஸ், அதாவது இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரம், 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் வைத்த 100 கிலோ, பின் அச்சில் 133 கிலோவாக இறங்கும். முன் அச்சில் 33 கிலோ குறையும். தண்ணீர் டேங்கைக் கேபின் சுவரோடு ஒட்டி நகர்த்தினாலே பாதிச் சிக்கல் தீரலாம். செலவில்லாத வைத்தியம் இது, செய்கிறவர்கள்தான் குறைவு.

காற்றுப் பையின் கவர்ச்சி புரிகிறது. காலி வண்டிக்குக் காற்றைக் குறைக்கலாம், லோடு ஏறினால் கூட்டலாம். ஆனால் கமான் பட்டை பாரத்தைத் தன் இரு முனைகளில், ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட இடைவெளியில், சேஸிஸுக்குக் கொடுக்கிறது. பை அதே பாரத்தை அச்சுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் கொடுக்கிறது. பின்னால் கனம் தொங்க, பள்ளத்தில் வண்டி குதித்து இறங்கும்போது அந்தப் புள்ளி நெம்புகோலின் தாங்குகட்டை ஆகிவிடும். டபுள் கேபின் வண்டிகளில் சேஸிஸ் கேபினுக்குப் பின்னால் வளைவதும் விரிசல் விடுவதும் இப்படித்தான். பைக்கு அதிகக் காற்று அடித்துத் தொய்வே தெரியாமல் நிமிர்த்தி வைப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

பையே போடுவதென்றால் இடது வலது இரண்டுக்கும் தனித்தனி ஹோஸ் வேண்டும். T வடிவ ஒரே இணைப்பில் இரண்டையும் கோத்தால் வளைவில் காற்று மறுபக்கம் ஓடி வண்டி இன்னும் சாயும். ஹோஸ் சைலன்சர் பக்கம் போகக்கூடாது. சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும் இழுபடாத அளவு நீளம் விட வேண்டும். காலி வண்டியிலும் கிட்டின் குறைந்தபட்சக் காற்று, பெரும்பாலும் 5 பிஎஸ்ஐ, இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் மடிப்பில் ரப்பர் நசுங்கி ஓட்டையாகும். கசிவைச் சோப்பு நுரை காட்டிக்கொடுக்கும்.

பட்டையின் குறை வேறு. 400 கிலோவுக்கான பட்டையைப் போட்டுவிட்டு வண்டியைக் காலியாக ஓட்டினால் கரடுமுரடான பாதையில் பின்பக்கம் துள்ளும். முதலில் அழுவது பின் சீட்டுதான். அதனால் உச்ச பாரத்துக்கு வாங்காதீர்கள், எப்போதும் வண்டியிலேயே இருக்கும் பாரத்துக்கு வாங்குங்கள். கேனபியும் டிராயரும் நிரந்தரம் என்றால் பட்டைதான் சரி. வாரமெல்லாம் காலியாக ஓடி, எப்போதாவது நல்ல தார்ச்சாலையில் மட்டும் லோடு ஏற்றுபவருக்குப் பை போதும். இருக்கிற செட்டில் ஒற்றைப் பட்டை சேர்ப்பது மலிவான நடுவழி. நாள்பட்டுத் தளர்ந்த செட்டில் அது அதிக நாள் உதவாது.

பட்டை மாற்றும்போது, அதை அச்சோடு கட்டிப் பிடிக்கும் யு போல்ட் புதிதாக இருக்கட்டும். ஒருமுறை முறுக்கி நீண்ட பழையது மறுபடி சரியாகப் பிடிக்காது. பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் போல்ட்டுகளை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்குவதுதான் வழக்கமான தவறு. அப்படிச் செய்தால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் புஷ் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் ஊன்றிய பிறகுதான் கடைசி இறுக்கம். சுமார் 500 கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டை மறுபடி பாருங்கள். அது தளர்ந்தால் பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் நடு போல்ட் அறுந்து அச்சு நகரும். வண்டி நண்டு போலப் பக்கவாட்டில் ஓடும்.

இரண்டுக்கும் பொதுவாக இன்னொன்று. சில வண்டிகளில் பின் அச்சிலிருந்து ஒரு கம்பி மேலே போய் பிரேக் வால்வைத் தொடும். பின்பக்கத்தை உயர்த்தினால் அந்த வால்வு லோடு இல்லை என்று எண்ணி பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். கம்பியின் நீளத்தையோ பிராக்கெட்டையோ சரிசெய்யாமல் வண்டியை வெளியே எடுக்கவே கூடாது.