10 செக்கனில் ஒரு பிளாக் என்று மைனிங் ரிக் விற்கிறார்கள், கவனம்!

திருகோணமலையில் இருப்பவர்கள் காசு கொடுக்க முதல் இதை வாசியுங்கள். ஆறு கிராஃபிக்ஸ் கார்ட் பூட்டிய மைனிங் ரிக்கை, அதாவது டிஜிட்டல் நாணயம் ஈட்டக் கணக்குப் போடும் கணினியை, அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு புதுக் காயினோடு (டிஜிட்டல் நாணயத்தோடு) சேர்த்து விற்கிறார்கள். உவர்மலையில் ஒரு வீட்டுக்காரர் வாங்கி ஏமாந்து நிற்கிறார்.

பிளாக் என்பது பரிமாற்றங்களைப் பதியும் ஒரு தொகுதி. அதைக் கண்டுபிடிப்பவருக்குக் காயின் வெகுமதியாகக் கிடைக்கும். விற்றவர் சொன்ன கணக்கு: "பிட்காயினில ஒரு பிளாக் வர 10 நிமிசம். இதில 10 செக்கன். ஒரு நாளைக்கு 8,640 பிளாக். அதில ரெண்டு மூண்டாவது உங்களுக்கு விழும்." வீட்டுக்கே வந்து பூட்டி, வாலட்டை (காயின் வரவு தெரியும் செயலியை) திறந்து காட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒரு வரவு விழுந்தது. மீதிக் காசையும் வாங்கிக்கொண்டு போனார். வரவுக்குப் பக்கத்தில் 'இம்மெச்சூர்' (இன்னும் செலவழிக்க முடியாதது) என்று இருந்ததை அவர் விளக்கவேயில்லை. பின்னேரம் பார்த்தால் அதே வரியில் 'ஜெனரேட்டட் பட் நொட் அக்செப்டட்' (உருவானது, ஆனால் ஏற்கப்படவில்லை). கேட்டதற்கு, நெட்வொர்க் பிரச்சினை, தானாகச் சரிவரும் என்றாராம். சரிவராது. அந்தப் பிளாக் ஸ்டேல் ஆகிவிட்டது, அதாவது இன்னொருவரின் பிளாக் முந்திவிட்டதால் தள்ளப்பட்டது, அதற்கான வெகுமதி இனி இல்லை.

பிளாக்கைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அது மற்ற நோட்களிடம் (அந்தக் காயினின் வலையமைப்பில் உள்ள கணினிகளிடம்) முதலில் போய்ச் சேரவேண்டும். வீட்டு 4ஜி ரௌட்டர், கடலடிக் கேபிள், அதற்குப் பிறகு ஒவ்வொரு நோடும் சரிபார்த்து அடுத்ததற்கு அனுப்பும் நேரம். எல்லாமாக 2 செக்கன் என்று வையுங்கள். பிட்காயினில் 600 செக்கனுக்கு 2 செக்கன், அதாவது 0.33%. 10 செக்கன் காயினில் அதே 2 செக்கனுக்குள் இன்னொருவர் பிளாக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 18%. மற்றவர்களின் பிளாக்கும் உங்களுக்கு 2 செக்கன் பிந்தித்தான் தெரியவரும். அந்த நேரம் முழுக்க உங்கள் கார்ட்கள் பழைய பிளாக்கின் மேல் வீணாக ஓடும். இரண்டையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு வேலை ஆபத்தில். போட்டி வந்தால் நல்ல இணைப்புள்ள பெரிய பூல்தான் (பலர் சேர்ந்து மைனிங் செய்யும் குழு) பெரும்பாலும் வெல்லும்.

எதீரியம் என்ற காயினில் மைனிங் நடந்த காலத்தில் பிளாக் இடைவெளி சுமார் 13 செக்கன். ஸ்டேல் பிளாக்குக்கும் 'அங்கிள்' என்று ஒரு பங்கு வெகுமதி கொடுத்தார்கள். அந்த மைனிங் 2022 செப்டெம்பரில் நின்றுவிட்டது. இவர்கள் விற்கும் காயினில் அப்படி எதுவும் இல்லை.

மின்சாரமோ பிளாக் செல்லுமா செல்லாதா என்று பார்க்காது. 900 வாட் ரிக் நாளுக்கு 21.6 யூனிட், மாதம் 648. வீட்டுக் கட்டணத்தில் 180ஐத் தாண்டினால் எந்தப் படியில் நிற்பீர்கள் என்று உங்கள் பில்லைப் பார்த்தாலே தெரியும்.

அதே காயினைக் காசுக்குப் பதிலாக ஏற்கச் சொல்லி நிலாவெளி, உப்புவெளி விடுதிக்காரரிடமும் கேட்கிறார்கள், "20 செக்கனில கன்ஃபர்ம்" என்று. கன்ஃபர்மேஷன் என்பது பரிமாற்றம் ஒரு பிளாக்கில் பதிவாவதும், அதன் மேல் அடுத்தடுத்த பிளாக்குகள் சேர்வதும். அது கெதியாக வருவதால் பரிமாற்றம் உறுதியாகிவிடாது. பிட்காயினை அறிமுகப்படுத்திய வெள்ளையறிக்கையின் கணக்கில், 10% ஹாஷ் (மொத்த மைனிங் வலுவில் பங்கு) உள்ள ஒருவர் 1 கன்ஃபர்மேஷனைப் புரட்டும் வாய்ப்பு சுமார் 20%. 6 வந்தால் 0.024%. ஸ்டேல் கூடிய காயினில் இது இன்னும் மோசம். எல்லாருக்கும் அதே தாமதம் என்று வைத்தால் நேர்மையானவர்களின் உழைப்பில் 18% வீணாகிறது, புரட்டுவதற்காக மறைவில் தனியாகப் பிளாக் சங்கிலி கட்டுபவருக்கு அந்த நட்டம் இல்லை. அதனால் 45% ஹாஷ் வைத்திருப்பவரே மற்ற 55%க்குச் சமமாக ஓடுவார். எதீரியம் கிளாசிக் என்ற காயினில் 2019 ஜனவரியிலும் 2020 ஆகஸ்டிலும் கன்ஃபர்ம் ஆன பரிமாற்றங்களே புரட்டப்பட்டன.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், உங்கள் வீட்டு இணைப்பிலேயே 24 மணித்தியாலம் ஓடவிட்டு, ஏற்கப்பட்டது எத்தனை, ஸ்டேல் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஸ்டேல் 2%ஐத் தாண்டினால் வேண்டாம். வைஃபையை விட்டுக் கேபிள் போடுங்கள், பூல் சேர்வர் சிங்கப்பூர் போலக் கிட்டவா என்று கேளுங்கள். 'இம்மெச்சூர்' போய்ச் செலவழிக்கக்கூடிய மீதி வரும்வரை முழுக் காசு கொடுக்காதீர்கள். மெய்நிகர் நாணயத் தொழிலுக்குத் தான் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி 2021, 2022இல் அறிவித்திருக்கிறது. ஆகவே பற்றுச்சீட்டு, ரிக்கின் சீரியல் இலக்கம், சொன்ன வருமானம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் காசை எடுக்கவே வேண்டாம்.