பூஞ்சை பிடித்தால் எதைத் தூக்கிப்போடுவது? பிரிட்ஜ் கேமராவும் பழைய டிஎஸ்எல்ஆரும்

மூன்று வருடம் முன்பு கையில் 40,000 ரூபாய் சேர்ந்தது. கேமரா வாங்குவது என்று முடிவு செய்தாயிற்று, எது என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி. நான் எடுப்பது பெரிய படமெல்லாம் இல்லை. மும்பை செம்பூர் வீட்டு பால்கனியில் நாலு தொட்டி, விடியற்காலையில் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் பூக்கடைகள், ஞாயிற்றுக்கிழமை ராணி பாக் உயிரியல் பூங்கா அல்லது போரிவலி காடு, குளிர்காலத்தில் ஃபிளமிங்கோ. இதற்கு ஒரே லென்ஸில் எல்லாம் அடங்கிய பிரிட்ஜ் கேமரா போதும் என்றார் சித்தப்பா. அவரிடம் ஒன்று இருந்தது. நான் கேமராக் கடைகள் இருக்கும் போரா பஜாரில், லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கினேன். இன்றும் அதன் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன் போதாதா என்று கேட்பவர்களுக்கு: சாப்பாடு, குழந்தை, கோலம் எல்லாவற்றுக்கும் போதும். மரத்து உச்சியில் இருக்கும் குக்குறுவான் பறவைக்குப் போதாது. அவ்வளவுதான், அதை விட்டுவிடுவோம்.

பிரிட்ஜ் கேமராவின் பலம் ஜூம். கேனன் எஸ்எக்ஸ்70-ல் 65 மடங்கு, நிகான் பி950-ல் 83 மடங்கு. பி950 முழு ஜூமில் 2000 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமம். நான் வாங்கிய நிகான் டி5600-ல் 70-300 லென்ஸை மாட்டி முழுக்க இழுத்தாலும் அதே கணக்கில் 450-க்குத்தான் சமம். ஐரோலியிலிருந்து படகில் தாணே கழிமுகத்துக்குள் போனபோது இந்த வித்தியாசம் முகத்தில் அடித்தது. சித்தப்பாவின் திரையில் ஃபிளமிங்கோவின் அலகு வளைவு வரை தெரிந்தது. என் திரையில் வெளிர் சிவப்புப் புள்ளிகள், நடுவே சேறு. ஆனால் ஒன்பது மணி தாண்டி வெயில் ஏறியதும் சேற்றின் மேல் கானல் ஆட ஆரம்பித்தது. அப்புறம் அவருடைய பறவைகளும் தண்ணீருக்குள் பார்ப்பது போலக் குழைந்துபோயின. தூரம் கூடக் கூட, நடுவில் இருக்கும் காற்றும் படத்தில் விழுந்துவிடுகிறது. அதை எந்த ஜூமும் தாண்டாது.

வெளிச்சம் குறைந்தால் கதை தலைகீழ். பிரிட்ஜ் கேமராவில் படம் பதிவாகும் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. டி5600-ன் சென்சார் பரப்பளவில் அதைப்போலச் சுமார் 13 மடங்கு. காலை ஐந்தரை மணிக்கு, ஒற்றை பல்பு வெளிச்சத்தில் மல்லிகை தொடுக்கும் பாட்டியின் விரல்களை இருவரும் எடுத்தோம். அவர் படத்தில் பூவும் நாரும் ஒன்றாகக் கரைந்து மணல் தூவியது போல இருந்தது. என் படத்தில் நார் பூவின் காம்பைச் சுற்றி முடியும் இடம் தெரிந்தது. பாட்டிக்கு இரண்டையும் காட்டினோம். "எதுக்குப்பா கையை எடுத்துக்கிட்டு, மூஞ்சிய எடுக்கக் கூடாதா?" என்றார்.

கிட்டத்தில் எடுப்பதில் பிரிட்ஜ் கேமராவைக் குறை சொல்ல முடியாது. பூவிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை போய் ஃபோகஸ் செய்யும். கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு இருந்தது. சின்னதாக இருக்கும்போது அப்படியே பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். அந்த எச்ச வேஷத்தை சித்தப்பா எந்தக் கூடுதல் சாமானும் இல்லாமல் எடுத்தார். கேமராவோடு சேர்ந்து வந்த என் 18-55 கிட் லென்ஸ் 25 சென்டிமீட்டருக்குள் போகாது. லென்ஸுக்கும் கேமரா பாடிக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் ஒன்று வாங்கிய பிறகுதான் எனக்கும் அது வசப்பட்டது.

இதுவரை பார்த்தால் கிட்டத்தட்ட சமம். ஆனால் நாம் இருப்பது மும்பையில்.

இங்கே ஜூலை மாதம் மட்டும் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை. துவைத்த துணி மூன்று நாள் ஆனாலும் ஈரம் போகாது, செருப்பில் பச்சை பூக்கும், அப்பளம் டப்பாவுக்குள்ளேயே நமுத்துப்போகும். இதே காற்றுதான் லென்ஸுக்குள்ளும் இருக்கிறது. ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், காற்றில் எப்போதும் மிதக்கும் பூஞ்சை வித்துகள் கண்ணாடியில் முளைக்கத் தொடங்கும். முதலில் ஓரத்தில் சிலந்தி இழை போல ஒன்று. பிறகு கிளைவிடும். அது விடும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரிக்கும். அரித்த பிறகு பூஞ்சையைத் துடைத்தாலும் தடம் போகாது.

என் 18-55-க்கு இரண்டாவது மழைக்காலத்தில் வந்தது. தப்பு முழுக்க என்னுடையது. ஜூலையில் போரிவலி காட்டுக்குப் போய் நனைந்து வந்து, கேமராவைப் பையோடு அலமாரியில் வைத்து மூன்று வாரம் மறந்துவிட்டேன். இருட்டு, அடைப்பு, ஈரப் பை. பூஞ்சைக்கு இதைவிட என்ன விருந்து வேண்டும்? போரா பஜாரில் சுத்தம் செய்ய 1,200 ரூபாய் கேட்டார்கள். அதே லென்ஸ் பழையதாக 3,000-க்குக் கிடைத்தது. பாடிக்கு ஒன்றுமில்லை. 70-300 வேறு பையில் இருந்ததால் தப்பித்தது. 3,000 ரூபாயோடு கதை முடிந்தது.

சித்தப்பாவின் கேமராவிலும் அதே வருடம் இழை ஓடியது. அவருடையது டோம்பிவிலியில் தரைத்தள வீடு. ரிப்பேர்க்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கோலேகா தோ காரன்ட்டி நஹி, சாச்சா" (பிரித்தால் உத்தரவாதம் இல்லை) என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த மாதிரி கேமராவில் லென்ஸ், மோட்டார், சென்சார் எல்லாம் ஒரே கட்டாக இருக்கும். கண்ணாடியை எட்டவே பாதி கேமராவைப் பிரிக்க வேண்டும். தூசிக்கும் இதே நியாயம்தான். ஜூம் நீண்டு சுருங்கும்போது காற்றை உறிஞ்சும், தூசியும் கூடவே வரும். என் கிட் லென்ஸும் நீண்டு சுருங்குகிறதுதான். ஆனால் எனக்கு சென்சாரில் தூசி விழுந்தால் லென்ஸைக் கழற்றி ப்ளோயரால் ஊதலாம். அவருக்கு விழுந்த தூசி வானம் எடுக்கும் படத்திலெல்லாம் ஒரே இடத்தில் சாம்பல் பொட்டாக உட்கார்ந்திருக்கிறது.

இது விற்கும்போதும் உதைக்கும். பழைய லென்ஸ் வாங்குபவர் கழற்றிப் பின்னால் போன் டார்ச்சைப் பிடித்து, கேமராவில் மாட்டும் பக்கமுள்ள சின்ன நெம்புகோலைத் தள்ளி, வெளிச்சம் புகும் துளையான அபெர்ச்சரைத் திறந்து, சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். நானும் அப்படிப் பார்த்துத்தான் வாங்கினேன். முதல் கடையில் காட்டிய இரண்டு லென்ஸை அங்கேயே திருப்பிக் கொடுத்தேன். பிரிட்ஜ் கேமராவில் பின்னாலிருந்து வெளிச்சம் விட வழி இல்லை. முன்னாலிருந்து தெரிவதை வைத்து நம்ப வேண்டும். மும்பையில் நாலு மழை பார்த்த கேமரா என்றால் எவன் நம்புவான்? சித்தப்பாவுக்குச் சொன்ன விலையைக் கேட்டு அவர் விற்கும் எண்ணத்தையே விட்டுவிட்டார்.

டிஎஸ்எல்ஆர் மட்டும் நல்ல விலைக்குப் போகுமா என்றால், போகாது. நிகானும் கேனனும் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை, இரண்டும் உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா பக்கம் போய்விட்டன. அதனால்தான் எனக்கு 27,000-க்குக் கிட் லென்ஸோடு கேமராவும், 13,000-க்கு 70-300-ம் கிடைத்தன. வாங்கும்போது லாபமான காரணம் விற்கும்போது நஷ்டம். ஆனாலும் பாடியைத் தனியாக, லென்ஸைத் தனியாக விற்கலாம். எல்லாம் ஒரே நாளில் பூஜ்யமாகாது.

மிரர்லெஸ் பற்றிக் கேட்காதீர்கள். தோழியின் கேமராவை இரண்டு நாள் வைத்திருந்ததோடு சரி. கைக்கு அடக்கமாக இருந்தது, ஃபோகஸ் பறந்தது. அந்த இரண்டு நாளும் பிப்ரவரி, மழையில் அது எப்படி என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. லென்ஸ் கழலும் கேமரா என்ற வகையில் என் வாதம் அதற்கும் பொருந்த வேண்டும்.

எதை வாங்கினாலும் பராமரிப்பு ஒன்றுதான். முறுக்கு வைக்கும் இறுக்கமான பெரிய பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. முள் 40-க்கும் 50-க்கும் நடுவே இருக்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் ரப்பருக்கும் எண்ணெய்ப் பூச்சுக்கும் ஆகாது. ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள், ஈரம் குடித்ததும் பச்சையாகும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கும், அதை வீட்டில் சூடாக்க வேண்டாம். பச்சையான ஜெல்லைக் காயவைத்தால் மறுபடியும் உதவும், ஆனால் ஜூலையில் வெயில் எங்கே? அதற்கென்றே ஒதுக்கிய பழைய வாணலியில் சிறு தீயில் வறுக்கிறேன். வீட்டில் இன்னும் கேலி ஓயவில்லை. மின்சார டிரை கேபினெட் வாங்க வசதி இருந்தால் இந்த வறுவல் வேலையே இல்லை.

இன்னொன்று, ஏசி லோக்கல் ரயிலிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள், குளிர்ந்த கண்ணாடியில் உடனே வியர்த்துவிடும். இருபது நிமிடம் பைக்குள்ளேயே இருக்கட்டும், அதற்குள் ஒரு கட்டிங் சாய்.

சித்தப்பா இப்போதும் அந்தக் கேமராவோடுதான் ஐரோலிக்கு வருகிறார். இழை ஓரத்தில்தான் இருக்கிறது, வெயில் எதிரே விழும்போது மட்டும் படம் வெளிறுகிறது. "சூரியனை முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டா ஒண்ணும் தெரியாதும்மா" என்கிறார். என் பெட்டியில் நேற்று காலை முள் 54 காட்டியது. இந்த வாரம் மறுபடியும் வாணலியை எடுக்க வேண்டும்.